தங்கையின் பாய்

தோஃபா செய்த குற்றம் தென்னை மரத்தில் ஏறியது அல்ல. அவன் உச்சியில் இருந்தபோது அரசர் அடியில் நடந்துபோனார். அரசரின் தலைக்கு மேல் ஒரு மீனவனின் கால்! டோங்காவில் ஒருவனுக்குக் கேடுகாலம் வர இது போதாதா? தடியால் அடித்துக் கொல்லும்படி உத்தரவாகிவிட்டது.

அவன் மனைவி வேயா, அரசரின் தங்கை ஹெய்லாலாவிடம் வேலை பார்ப்பவள். ஓடிப்போய் அவள் காலடியில் விழுந்தாள்.

"தாயே, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"கூறுகெட்டவளே, வயசுக்கு வந்ததுலேர்ந்து நானும் அவரும் முகம் பாத்துப் பேசியிருக்கமா? ஒரு கூரைக்குக் கீழதான் உக்காந்திருக்கமா?"

உண்மைதான். அந்தத் தீவுகளில் அண்ணனைவிடத் தங்கை உசத்தி. அண்ணன் அரசரானாலும் அதே கதைதான். அந்த உசத்தியே இருவரையும் பிரித்து வைத்திருந்தது.

ஹெய்லாலா அவ்வூர் வழக்கப்படி உடுப்பின் மேல் இடுப்பில் சுற்றியிருந்த நைந்த பாயை அவிழ்த்தாள். "இத அவன் மேல போத்து, ஓடு. நான் பின்னாலயே வர்றேன்."

வேயா விழுந்தடித்து ஓடினாள். தடியை ஓங்கிவிட்டார்கள். புருஷன்மேல் பாயை வீசினாள்.

அரசர் லோலோஹேயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எவ இவ, கந்தலத் தூக்கிட்டு வந்தவ?" என்று தன் கையாலேயே பாயைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, அது தங்கச்சியம்மா பாய்!" என்று அலறினாள் வேயா.

சொன்னதுதான் தாமதம், கூட்டம் இரண்டடி பின்வாங்கிற்று. உயர்ந்தவர் பாயைத் தொட்ட கையால் சாப்பிட்டால் உடம்பு வீங்கிச் சாவுதான் என்பது அங்கே நம்பிக்கை. அந்த உயர்ந்தவரின் பாதத்தைத் தொட்டால்தான் அந்தக் கை மீளும்.

ஹெய்லாலா வந்தாள். ஜனம் மொத்தமும் மரியாதைக்குத் தரையில் உட்கார்ந்தது. பிறகு அரசரும் மண்ணில் உட்கார்ந்தார். இத்தனை தீவுகளை ஆட்டிவைத்த கைகள் தங்கையின் பாதங்களைத் தொட்டன, உள்ளங்கையும் புறங்கையுமாக.

ஹெய்லாலா கடலைப் பார்த்தபடி நின்றாள். "வேயா, தலைக்கு மேல ஆள் இருந்தாக் கொல்லணுமாம். அப்ப நான் எங்க இருக்கேன்னு கேளு."

அரசர் தலை நிமிரவில்லை. "எப்பவும் மேலதான். அவன் உங்க ஆளு, கூட்டிட்டுப் போங்க."

சாயங்காலம் வேயா வழக்கம்போல் கால் கழுவத் தண்ணீர் கொண்டுபோனாள். ஹெய்லாலா பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்டி. சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவர் அவர். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் தொட்டிருக்கார்."