நெஞ்சில் இல்லாத ஓட்டை

இருதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க மாட்டேன் என்று அம்மா தங்கப்பொண்ணு அன்று அடம்பிடித்திருக்காவிட்டால், பாண்டிமீனாவுக்குத் தன்னைப் பற்றிய உண்மை கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

அம்மாவும் மகளும் கொட்டாம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து கே.கே. நகரில் இருந்த இருதய கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். தங்கப்பொண்ணுவுக்குக் கொஞ்ச காலமாகவே இருமல். வரப்பில் நடந்தால் மூச்சிரைத்தது, மல்லாந்து படுத்தால் திணறியது. நெஞ்சை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள் என்று ஊர் நர்ஸ் விடாமல் சொன்னதால்தான் வந்தாள். ஊசி கிடையாது, வலிக்காது என்று மீனா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படியும் உள்ளே கூப்பிட்டபோது தங்கப்பொண்ணு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நெஞ்சுல கோளாறு உள்ளவ நீ. ஒனக்குப் பாக்காம எனக்கு எதுக்குடி பாக்கணும்? மொதல்ல நீ போய்ப் படு. பெறகு நான் வாரேன்."

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். வாக்குவாதம் செய்ய வெட்கப்பட்டு, மீனா உள்ளே போய்ப் படுத்தாள்.

அவளுக்கு மூன்று வயதில் விடாத காய்ச்சல் வந்தபோது, டவுன் டாக்டர் ஒருவர் இருதயத்தில் சின்ன ஓட்டை இருப்பதாகச் சொல்லியிருந்தார். ஓடியாட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாராம். அப்பா சின்னான் அடுத்த வருடமே இறந்துபோனார். அதற்குப் பிறகு தங்கப்பொண்ணு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மகளை வளர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். விளையாட்டு வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஓட, மீனா வேப்பமரத்தடியில் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். வீட்டில் அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, செங்கல் சூளையில் கல் சுமந்து, ஆடு வளர்த்து, தங்கப்பொண்ணு ஒருத்தியாகவே ஓட்டு வீடு கட்டினாள், மகளை மேலூரில் பி.ஏ. படிக்க வைத்தாள்.

பரவையிலிருந்து மீனாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மறைத்துக் கட்டிக் கொடுப்பது பாவம் என்று தங்கப்பொண்ணுவே விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். மீனா அழவில்லை. தனக்கு அதெல்லாம் ஆகாது என்பது, தன் பெயர் போல, அவளுக்குள் பதிந்து கிடந்தது. முப்பது வயதைத் தாண்டியும் படியேறும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்றுதான் ஏறுவாள்.

டாக்டர் சுபலட்சுமி கருவியை அவள் நெஞ்சில் வைத்துத் திரையைப் பார்த்தார். இங்கும் அங்கும் நகர்த்தினார். எந்த வயதில் ஓட்டை என்று சொன்னார்கள், அதற்கப்புறம் யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். யாரிடமும் காட்டவில்லை என்றாள் மீனா. டாக்டர் மறுபடியும் பொறுமையாகப் பார்த்தார்.

"இங்க ஓட்டை எதுவும் இல்லம்மா."

"நல்லாப் பாருங்க டாக்டர்." தன் குரல் கெஞ்சுவது மீனாவுக்கே கேட்டது.

"ரெண்டு தடவை பாத்துட்டேன். சின்ன வயசுல இருந்திருக்கலாம். இந்த மாதிரி சின்ன ஓட்டை நிறையப் பிள்ளைங்களுக்குத் தானாவே மூடிடும். நீங்க அஞ்சாவது ஆறாவது படிக்கும்போதே மூடியிருக்கும். உங்க இதயம் நல்லா இருக்கு."

மூச்சு வாங்குகிறதே என்று மீனா கேட்டாள். உடம்பை அசைக்காமலே வைத்திருந்தால் யாருக்கும் வாங்கும், நடக்க ஆரம்பியுங்கள் சரியாகிவிடும் என்றார் டாக்டர். துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தார். மீனா அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வரவில்லை.  இருபத்தெட்டு வருடம் யாருக்காகப் பயந்து நடந்தோம் என்று ஒரு கேள்வி தலைக்குள் வந்து நின்றது. அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை.

அடுத்து தங்கப்பொண்ணு படுத்தாள். இந்த முறை டாக்டர் கருவியை ஒரே இடத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மீனாவை உள்ளே அழைத்தார். அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு பாதிக்கு மேல் சுருங்கிப் போயிருந்தது. சிறுவயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலால் இப்படி ஆகியிருக்கும் என்றார். பல வருடமாகவே இந்த இதயம் திணறிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. இனியும் தள்ளிப்போட முடியாது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கலாம், காப்பீட்டு அட்டை இருந்தால் பெரியாஸ்பத்திரியிலேயே செய்துவிடுவார்கள் என்றார்.

தங்கப்பொண்ணு எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"தப்பாப் பாத்துட்டீக டாக்டரம்மா. அவ நெஞ்ச எனக்குன்னு எழுதிட்டீக. எம் மகளுக்குத்தான் கோளாறு. எனக்கு ஒண்ணுமில்ல, நான் கல்லுச் செமந்தவ."

டாக்டர் கோபப்படவில்லை. மறுபடியும் படுக்க வைத்து, திரையைத் திருப்பி, சரியாகத் திறக்காமல் அடைத்துக்கொள்ளும் அந்த வால்வைக் காட்டினார். தங்கப்பொண்ணு திரையைப் பார்க்கவே இல்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினார்கள். வழக்கம்போலக் காய்கறிப் பையைத் தங்கப்பொண்ணுவே தூக்கினாள். பஸ் படி ஏறுவதற்குள் அவளுக்கு உதடு வெளிறிப்போனது. மீனா பையைப் பிடுங்கிக்கொண்டாள்.  மேலூர் தாண்டியதும் மீனா, அந்தக் காலத்து டாக்டர் மறுபடி வரச் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

தங்கப்பொண்ணு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"வருசம் கழிச்சுக் கூட்டியாங்கன்னாரு. போனா நெஞ்சை அறுக்கணும்பாக. ஒங்கப்பனும் போய்ச் சேந்துட்டாரு. ஒன்னையும் மேசையில போட்டு அறுக்க விட்டுட்டு நான் எப்படி வெளிய நிக்குறது? போகல."

மீனாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் பக்கத்தில் அம்மா பேசிய அந்த நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நெஞ்சோடுதான் தன்னை இடுப்பில் சுமந்தாள் என்பது நினைவுக்கு வந்ததும் மீனா எட்டி, அம்மாவுக்குக் காற்று வர ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். 

ஆஸ்பத்திரிக்குப் போக தங்கப்பொண்ணு சம்மதிக்கவில்லை. நான் போய்ப் படுத்துவிட்டால் சீக்காளிப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதே அவளுடைய ஒரே பதிலாக இருந்தது. ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்துக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டாள். உண்மையில் மீனாவும் முழுதாக நம்பவில்லை. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் அவள் கை இன்னமும் தானாக நெஞ்சுக்குப் போனது.

கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஆசிரியர் யாராவது வராத நாளில், நீ பி.ஏ. தானே, ஆறாம் வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று தலைமையாசிரியை கேட்பார். மீனா ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக் கோளாறைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாள். அந்த வாரமும் கேட்டார். வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் திடுக்கிட்டாள். ஓட்டை இல்லையே, பிறகு ஏன் சொன்னேன்? தன் இடத்தில் வந்து உட்கார்ந்து யோசித்தாள். கூட்டத்தில் பேசப் பயந்தபோது, விடுதியில் தங்கிப் படிக்கப் பயந்தபோது, புது ஆட்களைக் கண்டு கூசியபோது, எல்லாவற்றிலிருந்தும் அந்த ஓட்டைதான் அவளைக் காப்பாற்றியிருந்தது. அவளும் அதை விடாமல் பிடித்து வைத்திருந்தாள். அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது என்று அன்று அவளுக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கப்பொண்ணு படுத்திருந்ததால் மீனா ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள். நாய் குரைத்ததில் மிரண்டு, ஒரு கிடாய்க்குட்டி திருச்சி நாற்கரச் சாலையைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. லாரிகள் பறந்துகொண்டிருந்தன. மீனா ஒரு கணம் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. உழுத காட்டுக்குள் விழுந்தடித்து ஓடி, சாலையோரத்துக் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் குட்டியின் பின்னங்காலைப் பிடித்துவிட்டாள்.

பிடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு விலா எலும்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்போல அடித்தது. காதுக்குள் இரைச்சல். வாய் வறண்டது. சாகப் போகிறோம் என்று முடிவே செய்துவிட்டாள். குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடி, அதற்காகக் காத்திருந்தாள்.

சாவு வரவில்லை. அடி மெல்ல மெல்லக் குறைந்தது. காற்று உள்ளே போய்வந்தது. வியர்வை குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எதுவுமே நடக்காததுபோல நெஞ்சு அமைதியாகிவிட்டது. மீனா போனை எடுத்து, அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அஸ்வினியைக் கூப்பிட்டாள்.

"அஸ்வினி, ஓடுனா நெஞ்சு இந்த அடி அடிக்குமா? எல்லாருக்குமா?"

அஸ்வினி முதலில் சிரித்தாள். மீனா கூடச் சேர்ந்து சிரிக்காததைக் கவனித்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் அடிக்கும் மீனா. பஸ்ஸைத் தொரத்திப் பிடிச்சா எனக்கும்தான் உயிரு போயிட்டு வரும். நீ... இதுவரைக்கும் ஓடுனதே இல்லையா?"

 அப்போதுதான் மீனா அழுதாள். வெயிலில், சாலையோரத்தில், ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனாள். பக்கத்து வீட்டு முனியாயியும் கூட வந்தாள். கரையில் கல்லின்மேல் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, மீனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று மற்ற இருவருக்கும் புரிவதற்குள் மடையை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கப்பொண்ணு அலறினாள். கரையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் எழுந்து மகளைப் பிடிக்க ஓடப் பார்த்தாள். நாலடி வைப்பதற்குள் மூச்சு முட்டி முனியாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். மீனா மடையைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அம்மாவின் முன் மண்டியிட்டு, அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தங்கப்பொண்ணுவின் உள்ளங்கையில் அந்த நெஞ்சு பறை மாதிரி அதிர்ந்தது. பயத்தில் கையை இழுத்தாள். மீனா விடவில்லை. இருவரும் எதிரெதிரே இரைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மகளுக்கு மூச்சு நிதானப்பட்டது. தாய்க்கு மட்டும் விசில்போல இழுத்துக்கொண்டே இருந்தது.

"நான் மட வரைக்கும் ஓடிட்டு வந்தேன். அடங்கிருச்சு, தெரியுதா? நீ நாலடிதான் வச்ச. ஒனக்கு இன்னும் அடங்கல."

தங்கப்பொண்ணு தன் கையையும் மகளின் நெஞ்சையும் மாறிமாறிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனையோ வருடமாகக் காவல் காத்த வீட்டில் திருடனே வரவில்லை என்று தெரிந்த காவல்காரியைப்போல விழித்தாள்.

"அப்ப நான் ஒன்னை ஒக்கார வச்சதெல்லாம்..." என்றாள். முனியாயி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தங்கப்பொண்ணு, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பலூன் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வார்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது மீனாதான். மருந்துக்கு மாடியேறி இறங்கினாள், வெந்நீர் தூக்கி வந்தாள், ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் வராதபோது தானே தள்ளினாள். சில சமயம் பாதிப் படியில் அந்தப் பழைய பயம் வந்து காலைக் கட்டும். நின்று, மூச்சு விட்டு, ஏறுவாள். தங்கப்பொண்ணு மல்லாந்து படுத்து விடியும்வரை தூங்கினாள். அப்படி அவள் தூங்கி மீனா பார்த்ததே இல்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

வேலைக்குத் திரும்பியதும் தலைமையாசிரியையிடம் அவளே போய், ஆறாம் வகுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். அன்று மதியமே அனுப்பிவிட்டார். நாற்பது முகங்கள் நிமிர்ந்து பார்த்ததும் மீனாவின் கை நடுங்கியது. சாக்பீஸ் உடைந்தது. குரல் பாதியில் காணாமல் போனது. பின்வரிசையில் ஒரு சிறுமி சிரித்தாள். இந்த நெஞ்சு சரியாக இருந்தும் இப்படி நடுங்குகிறதே என்று அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. வெளியேறிப் போவதற்குச் சொல்ல இப்போது ஒரு காரணமும் இல்லை. உடைந்த சாக்பீஸின் பெரிய துண்டைப் பொறுக்கி, போர்டில் தன் பெயரை எழுதினாள். அந்த வகுப்பு மோசமாகத்தான் போனது. மறுநாள் வகுப்பு அவ்வளவு மோசமில்லை.

இப்போது அவள் பி.எட். சேர்ந்திருக்கிறாள். தங்கப்பொண்ணு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாள். சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் தண்ணீர்க் குடம் மீனாவுடையது. அதற்குத்தான் காலையில் வீட்டில் சண்டை. மகள் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள். இறக்கி வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் திறக்கிறாள்.