ஆறடி தூரம்

விடிவதற்கு முன்பே மயிலாப்பூரின் அந்தச் சின்னத் தெருவில் ஆஃப்ரீன் குனிந்து குனிந்து சாக்பீஸால் குறி போட்டிருந்தாள். நடிகை பூஜா எங்கே வரும்போது கேமரா எங்கே இருக்கும் என்பதற்கான குறிகள். அவற்றைப் பார்த்துத்தான் ஃபோகஸைத் திருப்ப வேண்டும். இதுவரை லென்ஸ் பெட்டி சுமந்தவளுக்கு ஃபோகஸில் இன்றுதான் முதல் நாள். வழக்கமாகச் செய்கிறவர் டெங்குவில் படுத்திருந்தார். ஷாட் சரியாக வந்தால் படம் முடியும்வரை அவள்தான், கெட்டால் நாளைக்கு வேறு ஆள் என்று மேனேஜர் செந்தில்குமார் சொல்லிவிட்டார்.

காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு குறிகூட இல்லை. தெரு முழுக்க ஈரம். வாசலுக்கு வாசல் கோலம்.

"யாரோ வாசல்ல கிறுக்கி வெச்சிருந்தா. நன்னா அலம்பி விட்டுட்டேன்," என்றார் கோலப்பொடிக் கிண்ணத்துடன் நின்ற மாமி.

மறுபடி குறி போட நேரமில்லை. வெயில் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இயக்குநர் கேட்ட அந்தத் தாழ்ந்த வெயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

ஷண்முகப்ரியா வந்தார். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் 'கேமராமேன் மேடம்'. அவருடைய முதல் படத்தில், பெண் சொதப்பினால் எடுத்துக் கொடுக்கட்டும் என்று தயாரிப்பாளர் இன்னொரு கேமராமேனை உட்கார வைத்திருந்தாராம். "அந்தாளு நாப்பது நாளும் பொங்கல் வடை துன்னுட்டு ஊட்டுக்குப் போனாரு," என்று லைட்மேன் மெஹபூப் பாஷா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நடந்ததை ஆஃப்ரீன் சொன்னாள். ஷண்முகப்ரியா தெருவை ஒருமுறை பார்த்தார்.

"ஈரம் நல்லாத்தான் இருக்கு. தரை மின்னும். ஆறடியில ஃபோகஸ வெச்சிடு. தெரு முக்கு வரைக்கும் அந்தத் தூரத்த நான் பாத்துக்கறேன்."

"முக்குல, மேடம்?"

"அங்க பூஜா நின்னுடுவா. நான் அவ முகத்துக்கிட்ட போவேன். அது உன் பாடு."

"பின்னாடி நடக்கறப்ப பெல்ட்ட புடிச்சிக்கவா மேடம்?" என்றார் பாஷா.

"வேணாம் பாஷா. நீ இழுத்தா கோலத்த மிதிச்சிடுவேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கேமராவைத் தோளில் ஏற்றினார்.

பூஜா நடந்து வந்தாள். ஷண்முகப்ரியா அவளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். அவள் வேகம் கூட்டினால் இவரும், தயங்கினால் இவரும். கண் கேமராவில் இருந்தது. கால்கள் மட்டும் தாமாகவே கோலத்துக்கும் கோலத்துக்கும் இடையிலிருந்த வெறும் தரையில் பதிந்தன. கையில் ரிமோட் ஃபோகஸ் சக்கரத்துடன் பக்கத்தில் நடந்த ஆஃப்ரீன் அந்தக் கால்களையே பார்த்தாள். ஆறடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டேப் பிடித்து அளந்தாலும் இப்படி வராது.

அந்தப் பிரமிப்பில் முக்கு வந்தது தெரியவில்லை. பூஜா நின்றாள், கேமரா நெருங்கியது, ஆஃப்ரீனின் விரல் தாமதமாகத் திரும்பியது.

"கட்! சூப்பர் மேடம்," என்றார் இயக்குநர் ராம்குமார், தன் சின்ன மானிட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி.

ஷண்முகப்ரியா கேமராவை இறக்கவில்லை. "ஃபோகஸ்?" என்றார். அவர் யூனிட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் ஷாட் ஓகே.

எல்லோரும் ஆஃப்ரீனைப் பார்த்தார்கள். செந்தில்குமாரும்.

"போச்சு மேடம். முக்குல. கண்ணு ஷார்ப்பா இல்ல."

"இன்னாம்மா, நல்லாத்தான கீது," என்று முணுமுணுத்தார் பாஷா.

"எதப் பாத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டார் ஷண்முகப்ரியா.

"உங்க கால, மேடம்."

யாரோ சிரித்தார்கள்.

"கால் படத்துல வராது," என்ற ஷண்முகப்ரியா, வெயிலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தெருவின் மறுமுனைக்கு நடந்தார்.

மறுபடியும் அதே நடை. இந்தமுறை ஆஃப்ரீன் கால்களைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. லென்ஸுக்கும் பூஜாவின் கண்ணுக்கும் நடுவிலிருந்த காற்றை மட்டும் பார்த்தாள். முக்கில் ஆறடி ஐந்தானது, நான்கானது, இரண்டானது. சக்கரம் கூடவே திரும்பியது.

"கட்!"

"ஃபோகஸ்?"

"ஓகே மேடம்."

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடும்மா," என்று சொல்லிவிட்டு செந்தில்குமார் வேனை நோக்கிப் போனார்.

ஆஃப்ரீன் தலையாட்டினாள். பாஷா கேமராவை வாங்கிக்கொண்டிருந்தார். பாரம் இறங்கிய பிறகு ஷண்முகப்ரியாவின் இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. நடுக்கத்தோடே அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். இவ்வளவு நேரம் அந்த நடுக்கத்தை எங்கே நிறுத்தி வைத்திருந்தார் என்று ஆஃப்ரீனுக்குப் புரியவில்லை.