கரிக்கோடு

பிழைக்க வந்த குடும்பங்களைப் பற்றிய அந்தப் பெரிய நாவல் எங்கள் கட்டடத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது என்று நாங்கள் எல்லோரும் பீற்றிக்கொள்வோம். முழுதாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. பெருமைக்கு அது ஒரு தடையா?

இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஒரு பேராசிரியை வந்தார். நாவலில் வரும் பழைய சங்கதிகளுக்கு விளக்கம் எழுதுகிறவர். கதையில் ஒருத்தி வெளியே கிளம்பும்போதெல்லாம் சுவரைத் தோள் உயரத்தில் தொட்டுவிட்டுப் போவாளாம். சாமி கும்பிடுகிறாள் என்றே வாத்தியார்கள் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லையாம். வெள்ளத்தில் ஊரை இழந்து வந்தவர்கள், அங்கே தண்ணீர் நின்ற உயரத்தைப் புது வீட்டுச் சுவரில் கரியால் கோடு இழுத்து வைப்பார்களாம். ஏன் வந்தோம் என்று பிள்ளைகள் மறந்துவிடக் கூடாதே!

"என் ரூம்ல இருக்கும்மா அந்தக் கோடு," என்றார் மாடித் தையல்காரர், படிக்கட்டிலேயே.

"தொல்லியல் அதிகாரி பார்த்து ஒத்துக்கிட்டா இடிக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரேன்," என்றார் பேராசிரியை.

தையல்காரருக்கு உயிர் வந்தது. தடதடக்கும் மெஷினோடு வருகிறவருக்கு எவன் வாடகைக்கு இடம் கொடுப்பான்? ஆனால் மனிதருக்கு எப்போதும் வாயில் குண்டூசி. பெண்டாட்டியிடம் பேசுவதே அபூர்வம். "பெரிய ஆளுங்க வராங்க. இந்தச் சுவரைப் பார்க்க," என்பதோடு நிறுத்திக்கொண்டார். எதிர் அறை என்னுடையது; என் காதிலும் விழுந்தது.

வியாழக்கிழமை அவர் நூல் வாங்கக் கடைக்குப் போனதும் பெண்டாட்டி அலமாரியை நகர்த்திச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அவள் காலி வாளியோடு படியிறங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கே!

சாயங்காலம் கட்டடமே அதிர்ந்தது.

"அடியே, என்னடி பண்ணித் தொலைச்ச?"

"சுவரைப் பார்க்க வராங்கன்னீங்க. அழுக்குச் சுவரையா காட்டுறது? அந்தக் கரிக்கோடு வேற, ரெண்டு பூச்சு பூசித்தான் மறைஞ்சுது."

"அதைப் பார்க்கத்தாண்டி வராங்க!"

"அதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

தையல்காரர் கத்திரிக்கோலால் அங்கங்கே சுரண்டினார். சுண்ணாம்போடு காரையும் உதிர்ந்தது; கரி அதோடு போயிற்று.

மறுநாள் அதிகாரி சுவரை மேலும் கீழும் பார்த்தார். "சுரண்டின இடம் போக பளிச்சுன்னுதான் இருக்கு. கோட்டைத்தான் காணோம்."

"நான் என் கண்ணால பார்த்திருக்கேன் சார்," என்று முந்திக்கொண்டேன்.

"நீங்களும் இங்கதானேம்மா குடியிருக்கீங்க?"

குடியிருப்பவள் சாட்சி செல்லாதாம்! பேராசிரியை பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் காலி செய்கிறோம். நேற்று தையல்காரர் குடும்பத்தின் முறை. மெஷின் முதலில் இறங்கியது, பின்னால் மூட்டைகள். அவர் கீழேயிருந்து, "வரியா இல்லையா?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவளோ வெற்று அறையில் நின்று, கோடு எங்கே இருந்தது என்று புரியாமல் சுவர் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தாள். கை வெள்ளையானதுதான் மிச்சம்.