கீழவிளைக்கு வந்த தண்ணீர்

வயலில் சேறு இறுகிக்கொண்டிருந்தது. நாற்றை ஊன்றும்போதெல்லாம் பகவதியின் பெருவிரல் நகக்கண் வலித்தது. கன்னிப்பூப் பருவ நடவு பாதியில் நிற்கிறது; வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏன் இல்லை என்று வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து யாரும் சொல்லவில்லை.

மேலக்கரையில் தாணுமாலயப் பிள்ளையின் பண்ணையில் பிறந்தவள் அவள். புருஷன் சுடலையாண்டியும் அங்கே பிறந்தவன்தான். அடிமை ஒழிந்து தலைமுறைகள் ஆயிற்று என்று சர்க்கார் சொல்லும். ஆனால் பிள்ளையின் வயலை விட்டு அடுத்த வயலில் இறங்கினால் தென்னையில் கட்டிவைத்து அடிப்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை தன் மகளின் சீதனத்தோடு அவர்களுடைய ஒரே மகள் அன்னக்கிளியையும் சம்பந்தி வீட்டுத் தொழுவ வேலைக்கு அனுப்பப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான், சந்தைக் கூட்டத்தோடு கூட்டமாக மூன்று பேரும் கீழவிளைக்கு நடந்தார்கள்.

கீழவிளையில் வைகுண்டராஜன் தன் தோப்பில் குடிசை போட இடம் கொடுத்தார். தலைப்பாகையும் நாமமுமாக நிமிர்ந்து நடக்கும் அய்யாவழிக்காரர். பகவதி கும்பிட்டு "ஐயா" என்றபோது, "ஐயான்னு விளிக்கண்டாம். அண்ணாச்சின்னு விளி. இங்க யாரும் யாருக்கும் அடிமை இல்ல, கேட்டியா?" என்றார். அன்று கூலி நெல்லை முந்தியில் வாங்கிக்கொண்டு குடிசைக்கு வரும்வரை, யாராவது பின்னால் கூப்பிட்டுத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்துகொண்டே நடந்தாள்.

பிள்ளை ஆள் அனுப்பினார். வைகுண்டராஜன் விடமாட்டேன் என்றார். மறுநாள் மேலக்கரை மடையில் பலகை இறங்கி, கீழவிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் நின்றது. கீழவிளை வண்டிகளை மேலக்கரையில் மறித்தார்கள். ஒரு குடும்பத்தை விட்டால் நாளைக்குப் பண்ணையெல்லாம் காலியாகும் என்று சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் பிள்ளையோடு சேர்ந்துகொண்டார்கள்.

கீழவிளையும் இரண்டாயிற்று. "அவியளுக்கு வேண்டி நம்ம பிள்ளையளு பட்டினி கெடக்கணுமா?" என்று கேட்டான் ஞானையன். அவன் தம்பி ஜான்ரோஸ், "ஆடுமாடு மாதிரி மனுசர அவுத்துக் குடுக்கச் சொல்லுகியா?" என்று எதிர்த்து நின்றான். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியத் தொடங்கியது.

நாற்று மஞ்சளடித்த அன்று ஜான்ரோஸும் வேறு சிலரும் கம்பும் மண்வெட்டியுமாக மடையைத் திறக்கப் போனார்கள். சுடலையாண்டி முன்னால் போனான். மடையைக் காக்கப் பிள்ளை நிறுத்தியிருந்தது பண்ணையாட்களைத்தான். சுடலையாண்டியின் மண்டையை உடைத்த கம்பு, அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் கையில் இருந்தது. கட்டிலில் போட்டுத்தான் அவனைக் கொண்டுவந்தார்கள். இரவெல்லாம் காய்ச்சலில், "அண்ணே, நான்தாண்ணே" என்று பிதற்றிக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவை மோதினால் பிணம் விழும், போலீசு வரும் என்று இரண்டு பக்கமும் பயம் வந்தது. பெரிய ஆட்கள் கூடிப் பேசினார்கள். பகவதியை யாரும் கூப்பிடவில்லை.

வைகுண்டராஜன் குடிசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீயும் ஒம் மாப்பிளையும் இங்கயே இருக்கலாம். பிள்ள சம்மதிச்சாச்சு" என்றார். பிறகு தோப்பைப் பார்த்துக்கொண்டு, "சின்னதத்தான் கேக்காரு. சம்மந்தி வீட்டுல வாக்குக் குடுத்தாச்சாம்."

பகவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் விழுந்து அவர் காலுக்குக் கை நீட்டினாள்.

"என்னயக் கொண்டு போவச் சொல்லுங்க, ஐயா. நான் ரெண்டாளு வேல செய்வேன். அவளுக்குச் சாணிக் கூடை தூக்கப் பெலம் காணாது."

"சொல்லிப் பாத்தேன். கேக்கமாட்டேங்காரு. ஊரு பயிரு முழுக்கக் கருகுது. எனக்க வயலும்தான்."

"நீங்கதானே சொன்னிய..." என்று தொடங்கினாள்.

"சொன்னேன்" என்றார் அவர். திரும்பித் தோப்பு வழியே போனார்.

மலைத் தோட்டங்களுக்கு ஓடிப்போனவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது? விடிந்ததும் மகளை உட்காரவைத்துத் தலை சீவிவிட்டாள். சிக்கு எடுக்க நேரமானது.

"எப்பம்மா திரிச்சு வருவேன்?" என்றாள் அன்னக்கிளி.

"அறுப்பு முடிஞ்ச ஒடனே, மக்கா."

பிள்ளையின் காரியஸ்தன் குடையோடு வந்து நின்றான். சிறுமி கிளம்பியதும் மடையைத் திறப்பதென்று பேச்சு. பகவதி தோப்பின் எல்லைவரை போனாள். அதற்குமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாய்க்கால் வரப்பில் காரியஸ்தனும் அவன் பின்னால் அன்னக்கிளியும் மேற்கே சிறுத்துக்கொண்டே போனார்கள்.

அப்போது தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீரோடு கூடவே, மடையிலிருந்து வரப்பு நிறையக் கீழவிளை ஆண்கள் கூவிக்கொண்டு வந்தார்கள். ஞானையன் தம்பியின் தோளில் கை போட்டிருந்தான். காரியஸ்தன் வரப்பிலேயே நின்றான். கூட்டம் அவனுக்கு விலகி வழி விட்டது. அன்னக்கிளி, பண்ணையில் பழகியபடி, யாரும் சொல்லாமலே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, கலங்கி ஓடும் தண்ணீரில் முழங்கால் நனைய, கடைசி ஆளும் கடந்து போகும்வரை தலைகுனிந்து ஒதுங்கி நின்றாள்.