வீட்டுக்குப் போக வைத்திருந்த பெட்ரோல்

அந்த வருஷம் முழுக்க அண்ணன் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பெரிய வளைவுல நீ பயந்து கால எடுத்துடற, சுண்டெலி." சாப்பிடும்போது சொன்னான், அவள் புருஷன் முன்னால் சொன்னான், கார் கிளப்பில் நாலு பேர் சிரிக்கும்படி சொன்னான். கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் கால் தனக்கே தெரியாமல் தூக்கிக்கொள்கிறதோ?

இருவருக்கும் சேர்த்து ஒரே கார். பச்சை நிறம், துருத்திய விளக்குகள், தவளை என்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்காரர்கள் ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்து, ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்த பாதை போடுவார்கள். ஒவ்வொரு காராக ஓடி நேரம் வாங்க வேண்டும். கூம்பைத் தட்டினால் அபராதமாக நேரம் கூடும். முதலில் அண்ணன் ஓட்டுவான். அவன் இறங்கியதும் சீட்டை முன்னால் இழுத்துவிட்டு அவள் ஏறுவாள்.

இன்று கடைசிப் போட்டி. அடுத்த மாதம் வெளியூர்க் கிளப்போடு மோதும் அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அண்ணன், தங்கை இருவரில் இன்று யார் வேகமோ அவருக்கு அது. போன வருஷமும் அவன்தான், அதற்கு முந்தின வருஷமும் அவன்தான். இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள் அவள்.

ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் குறைந்த நேரம்தான் கணக்கு. இரண்டாவதில் அவள் ஒரு காரியம் செய்தாள். அந்தப் பெரிய வளைவு வந்ததும், "அமுத்து, அமுத்து" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்தாள். கால் துளிகூட அசையவில்லை. ஆனாலும் எஞ்சின் ஒரு கணம் மூச்சு முட்டி இருமிவிட்டுத்தான் மறுபடி இழுத்தது. வளைவு முடிந்து பிரேக்கைத் தொட்டாளோ இல்லையோ, காரின் பின்பக்கம் ஆட்டம் போட்டு ஒரு கூம்பைச் சாய்த்தது.

"மறுபடியும் கால எடுத்துட்டியா?" அண்ணன் ஓடி வந்தான்.

"எடுக்கல."

"வெளிய நிக்கற எனக்கே கேக்குது, உள்ள இருக்கற உனக்குக் கேக்கலயா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையைவிடப் பெரிசாகக் கோபம் வந்தது. கால் இல்லையென்றால் வேறு எது?

பார்சல் கம்பெனியில் எந்த லாரியில் எந்தச் சுமையை எங்கே வைப்பது என்று பார்ப்பது அவள் பிழைப்பு. முன்பக்கமே பாரத்தை அடைத்து, பின்பக்கத்தைக் காலியாக விட்டால் பிரேக் போடும்போது வால் எப்படி ஆடும் என்று டிரைவர்கள் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். அத்தனையும் தெரிந்தவள், சொந்தக் காரைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தாளா? தவளைக்கு எஞ்சின் முன்னால், பெட்ரோல் டேங்க் பின்னால். எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அண்ணன் பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி எறிந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் தன் முறைக்கு முன்னால் டேங்கில் பேருக்குக் கொஞ்சம் பெட்ரோல்தான் விடுவான். அடியில் கிடக்கும் அந்தக் கொஞ்சமும் நீண்ட வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்பு வெறும் காற்றைக் குடிக்கும். அதுவும் அவன் ஓட்டித் தீர்த்தது போக மீதிதான் அவளுக்கு. இருமல் அவள் முறைக்கு மட்டும் வருவதில் என்ன ஆச்சரியம்!

"அடப்பாவி!" என்றாள் வாய்விட்டு. அண்ணனையா, தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணனின் கடைசி ஓட்டம் கன கச்சிதம். ஒரு கூம்பும் சாயவில்லை. அதுவரை அவள் வாங்கிய நேரத்தைவிட ஒரு விநாடி குறைவு. மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினான். அவள் நேராகப் போய், வீட்டுக்குத் திரும்ப வைத்திருந்த கேனைத் தூக்கி வந்து டேங்க் மூடியைத் திறந்தாள்.

"ஏய், அது வீட்டுக்குப் போறதுக்கு!"

"வீட்டுக்கு அப்புறம் போயிக்கலாம்."

"பைத்தியமா உனக்கு? ஓடறதுக்கு முன்னாடி எவனாவது டேங்க ரொப்புவானா? எடை ஏறுமே!"

"அதான் உன்ன இறக்கிட்டேனே அண்ணா. இந்தக் கேன் மாதிரி ரெண்டு ஏத்தினாலும் உன் எடை வராது."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணன் விடவில்லை. காரைச் சோதிக்கும் கிளப் செயலாளரிடம் போய் முறையிட்டான். "காருக்குள்ள எதுவும் உருளக் கூடாது, அவ்வளவுதான்," என்றார் அவர். "டேங்க்ல எவ்வளவு இருந்தா எனக்கென்ன?"

கேன் காலியாகும்வரை ஊற்றினாள்.

கிளம்பியபோது தவளை கொஞ்சம் சோம்பலாகத்தான் நகர்ந்தது. அவன் சொன்னதுதான் சரியோ? முதல் கூம்பு வரிசையில் இடமும் வலமுமாக வளைத்தபோது, எப்போதும் முரண்டு பிடிக்கும் பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தது. அடுத்து அந்த வளைவு. அழுத்தினாள். "இருமு பாக்கலாம், இருமு!" என்று சவால் விட்டாள். எஞ்சின் ஒரே குரலில் முழங்கியது. வெளியே வந்து பிரேக்கை மிதித்தாள். வால் அசையவில்லை.

ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள். அண்ணனைவிட அரை விநாடி குறைவு.

காரை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"நான் கால எடுக்கல அண்ணா. ஒரு நாளும் எடுத்ததில்ல."

அவன் காலிக் கேனைப் பார்த்தான். "அப்போ வருஷம் பூரா... நான் ஓட்டினது போக மிச்சத்துலயா நீ ஓட்டின?"

"ஆமா."

அவன் திரும்பி விறுவிறுவென்று நடந்தான். எந்த நாலு பேர் சிரிக்கும்படி சொன்னானோ, அதே நாலு பேர் முன்னால் போய் நின்றான். "என் தங்கச்சி கால எடுக்கலடா. தப்பு என்னோடது," என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அணைந்த காரில் அவள் வலது கால் எப்போதோ தானாக ஆக்ஸிலேட்டருக்குத் திரும்பி, அதைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதை எடுத்தாள்.