கோட்டைத் தொட்டுத் திரும்பிய தஹ்சீன்

1

இந்தக் கதை நந்தனம் சிக்னலில், பேருந்து ஜன்னலோரத்தில் பிறந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம். ஊரின் பெயர் மாறியும் கடைப் போர்டுகள் மாறாத சமயம். பக்கத்து மைதானத்தில் ஒரு கும்பல் பையன்கள் தோளைக் கோத்துக்கொண்டு, தலையோடு தலை முட்டி, ஒருவரையொருவர் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐயையோ, கொலை விழப்போகிறதே என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரு சார்," என்றார் கண்டக்டர். "சண்ட இல்ல அது. வெளாட்டாம். ரக்பி. டெய்லி இப்டிதான் கீது."

வீட்டுக்குப் போனதும் பேனாவை எடுத்தேன். ரக்பி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனாலென்ன, காதலைப் பற்றித் தெரிந்துகொண்டா காதல் கதை எழுதினேன்?

2

முதல் தொடக்கம்: "இந்திய இளையோர் ரக்பி அணியின் சர்வதேச வரலாறு, வீரமும் தியாகமும் நிறைந்த ஒரு..."

வேண்டாம். கொடியேற்றி வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "வெளிநாட்டு அணிகளோடு ஆடிய எல்லா ஆட்டத்திலும் அவர்கள் தோற்றார்கள்."

இது தேவலை. ஆனால் பாதிதான் சொல்கிறது. தோற்றது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்கள் இன்றுவரை ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. எந்த நாடு வந்தாலும் நம் பக்கம் முட்டை.

[நிஜ அணியின் கணக்கைத் தேடிக்கொண்டு யாரும் கிளம்பவேண்டாம். இது நானே செய்த அணி, முட்டையும் என்னுடையதே.]

3

கதாநாயகனாக முதலில் நிரஞ்சனைத்தான் வைத்திருந்தேன். மயிலாப்பூர்ப் பையன், அணித்தலைவன், நல்லவன். ஆனால் வாயைத் திறந்தால் விதிமுறைதான். பக்கம் பக்கமாக அவனே பேசித் தீர்த்தான். ஆகவே அவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, தஹ்சீனைக் கூப்பிட்டேன்.

தஹ்சீன் அடையாறு. பதினெட்டு வயது. சின்ன வயதிலிருந்து கபடி. எதிரியின் பக்கம் போய், தொட்டுவிட்டு, பிடிபடாமல் தன் பக்கம் திரும்பி வருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதைப் பார்த்துத்தான் நிரஞ்சன் அவனை ரக்பிக்கு இழுத்துவந்தான்.

"பந்தை முன்னாடி எறியப்படாதுடா. பின்னாடி வரவன் கையிலதான் குடுக்கணும்," என்றான் நிரஞ்சன்.

"இன்னா மச்சி, முன்னால போவ சொல்ற, பந்தைப் பின்னால குடுக்க சொல்ற. இன்னா வெளாட்டு இது?"

"நீ ஓடிண்டே இரு. நான் பின்னாடியே வந்துண்டிருப்பேன்."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: புள்ளி வேண்டுமானால் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி, பந்தைக் கையால் மண்ணில் அழுத்தி வைக்கவேண்டும். எறிந்தால் செல்லாது. வைக்கவேண்டும். இதை நிரஞ்சன் எனக்கே பலமுறை சொல்லிவிட்டான்.]

4

ஆட்டத்தன்று மேனேஜர் பொன்னுரங்கம் பையன்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டார்.

"இத பாரு நைனா. மேலிடத்துல சொல்ட்டாங்க. இன்னிக்கும் முட்டைன்னா அடுத்த வருசம் டீமே கெடையாது. ஜெயிக்கச் சொல்லல. ஒரே ஒரு தபா வெச்சிட்டு வந்துடுங்க, போதும்."

டீம் இல்லையென்றால் தஹ்சீன் தி. நகரில் மாமாவின் சூட்கேஸ் கடையில் உட்காரவேண்டும். அவன் அம்மா ஜஹீதாவோடு அப்படித்தான் பேச்சு. கடை மேல் அவனுக்குக் கோபமில்லை. ஆனால் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும்போது வருகிற சந்தோஷம் அவனுக்கு வேறெதிலும் வந்ததில்லை. இன்னும் ஒரு வருஷமாவது ஓடவேண்டும் என்று தவித்தான்.

ஜஹீதாவும் வந்திருந்தாள், குடையோடு. மகன் விளையாடி அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை.

5

"பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு..." சே, வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். எதிரணி (எந்த நாடு என்று எழுதி அடித்துவிட்டேன், தூதரகத்தோடு எனக்கெதற்கு வம்பு) வேண்டிய மட்டும் புள்ளி எடுத்துவிட்டது. நாம் முட்டை. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் தஹ்சீன் கையில் பந்து சிக்கியது.

ஓடினான் பாருங்கள்! ஒருவனுக்கு இடுப்பைக் காட்டி நழுவினான், இன்னொருவன் கைக்கடியில் குனிந்து புகுந்தான். "பேட்டா, பாகோ! ஓடுடா!" என்று ஜஹீதா கத்துவது கேட்டது. எதிரே யாருமில்லை. கோட்டைத் தாண்டிவிட்டான்.

தாண்டியவன் என்ன செய்தான்? குனிந்து, சும்மா இருந்த கையால் கோட்டைத் தொட்டான். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி, விர்ரென்று திரும்பி, வந்த வழியே தன் பக்கம் ஓட ஆரம்பித்தான். அத்தனை வருஷக் கபடி அவன் காலில் இருந்தது, நான் என்ன செய்யட்டும்?

"வைடா! டேய், வைடா!" மொத்த அணியும் அலறியது. பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்தேவிட்டார். எதிரணிக்காரர்கள் துரத்துவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்கள். நிரஞ்சன் மட்டும் சொன்னபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். தஹ்சீன் இப்போது நேராக அவனை நோக்கித்தான் ஓடுகிறான்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் எதிரணிக்காரன் ஒருவன் சுதாரித்துக்கொண்டு தஹ்சீனைச் சாய்க்கிறான். எழுதி முடிப்பதற்குள் ஜஹீதா குடையோடு என் மேஜைக்கே வந்துவிட்டாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில் நிரஞ்சன் பந்தை வாங்கிக்கொண்டு போய் வைக்கிறான். அணி பிழைக்கிறது. ஆனால் தஹ்சீன் ஆயுசுக்கும் அந்தத் தொட்டுவிட்டுத் திரும்பியவன்தான்.

மூன்றாவதில் தஹ்சீனே மறுபடி திரும்பி... இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்ததை எழுதினால் என் மனைவி சூடாமணி நம்பமாட்டாள். அதனால் பாதியில் நிற்கிறது.

தஹ்சீனும் நின்றுவிட்டான். முதுகுக்குப் பின்னால் எட்டும் தூரத்தில் கோடு. எதிரணி சுதாரித்துவிட்டது, ஆட்கள் ஓடிவருகிறார்கள். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். எனக்கும் மூச்சு வாங்குகிறது.

முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவர் கையில்தான் தரவேண்டும். இவ்வளவு தூரம் வரிக்கு வரி எனக்குப் பின்னாலேயே ஓடி வந்தது நீங்கள்தானே?

இந்தாருங்கள், பந்தைப் பிடியுங்கள். கோடு பக்கத்தில்தான் இருக்கிறது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

வையுங்கள்.