நூறு கிலோவுக்குக் கீழே

கட்டடம் இருபது மாடியைத் தாண்டி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நிற்கும் டவர் கிரேனின் உச்சியில், குளியலறை அளவே உள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கம்பியும் கான்கிரீட்டும் தூக்கி இறக்குவதுதான் கிரேன்காரரின் பிழைப்பு. கை அவ்வளவு நிதானம். இரண்டு டன் கம்பிக்கட்டை, டீ டம்ளரை மேஜைமேல் வைக்கிற பதத்தில் இறக்குவார். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர் எங்கேயும் இருக்கத்தானே செய்வார்? புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, மனிதரின் வேலையை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, ஏணியில ஏறும்போது மாட்டுற பெல்ட்டு நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும்னு உள்பக்கம் தச்சிருக்கு பாருங்க. நீங்க எவ்வளவு?”

“நூத்திப் பன்னெண்டு. சாப்பிட்டப்புறம்.”

“சாப்பிடறதுக்கு முன்னாடி?”

“அப்படி ஒரு நேரம் எனக்கு இருந்ததே இல்ல தம்பி.”

அதிகாரி சிரிக்கவில்லை. வருஷக் கடைசிக்குள் நூறுக்குக் கீழே வராவிட்டால் கிரேனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரைக் கிடங்கில் ஆணி எண்ண அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூண்டு கிரேன்காரருக்கு வெறும் சம்பளம் இல்லை. தரையில் இருக்கிறவரைக்கும் பஸ்ஸில், கடையில், மாமனார் வீட்டில், எங்கே போனாலும் அவர் ‘குண்டு’தான். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துத்தான் பேசவேண்டும்.

நாலு நாள் வாயைக் கட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் வாய் அவரைக் கட்டிப் போட்டுவிட்டது. மனைவி பிடித்துத் தள்ளியதில் டாக்டரம்மாவிடம் போனார்.

டாக்டரம்மா அவசரக்காரி இல்லை. பிரஷர் பார்த்தார், இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்தார், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். பசியை அடக்குகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, எழுதித் தருகிறேன், ஆனால் இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று எச்சரித்தார்.

“வாய் வறளும். தூக்கம் கெடும். சிலருக்குப் படபடப்பு வரும், கை நடுங்கும், தலை சுத்தும். அப்படி வந்தா உடனே நிறுத்திட்டு என்கிட்ட வரணும். மாசாமாசம் பிரஷர் பாக்கணும். இது கொஞ்ச நாளைக்குத்தான், அதுக்குள்ள நடையும் சாப்பாட்டு அளவும் பழகிக்கணும். வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“உட்கார்ந்த இடத்துலயே செய்யற வேலைதான் டாக்டரம்மா.”

பொய்யா? மருந்துக்குக்கூடப் பொய் கிடையாது. எத்தனை மாடி உயரத்தில் உட்காருகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இவருக்கு.

மாத்திரை வேலை செய்தது. அடேயப்பா, என்னமாய் வேலை செய்தது! சாப்பாட்டு டப்பா பாதியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. தன் சமையலுக்குத்தான் ஏதோ கேடு வந்துவிட்டது என்று மனைவி மூக்கைச் சிந்தினாள். ஏணியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர் இப்போது ஒரே இடத்தில் நின்றார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. குறட்டையும் நின்றுவிட்டது, சத்தம் இல்லாமல் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை, மனிதருக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே கையை வைத்து வைத்துப் பார்த்தாள். சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டுப் பின்வாங்கியது. தராசு தொண்ணூற்றெட்டு என்று காட்டிய அன்று, பாதுகாப்பு அதிகாரி அவரைப் படம் எடுத்து, ‘முன்மாதிரித் தொழிலாளி’ என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பிறகு ஓரமாகக் கூப்பிட்டு, தன் மாமியாருக்காகக் கேட்பதாகச் சொல்லி, மாத்திரையின் பெயரைக் கேட்டார். கேட்கும்போது தடவிக்கொண்டது என்னவோ தன் சொந்தத் தொப்பையைத்தான். கிரேன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவன்தான் அந்தக் கிரேனுக்கு சிக்னல்மேன். தரையில் நின்றுகொண்டு, எங்கே தூக்க, எங்கே இறக்க என்று கையாலும் வாக்கிடாக்கியாலும் மேலே இருக்கிற மாமாவுக்குச் சொல்கிறவன். அவனுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, தைத்து வந்த கோட்டோ பொத்தான் போட இடம் கொடுக்க மறுத்தது.

“மாமா, எனக்கும் அதுல நாலு குடுங்களேன்.”

“உனக்கெதுக்குடா மாப்ளே? நீ என்ன நூறு கிலோவா? ரெண்டாவது தடவை தட்டை நீட்டாம இரு, தானா குறையும்” என்று துரத்திவிட்டார்.

இதற்குள் அவருடைய தூக்கம் போயிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் தண்ணீர்ச் செம்பு உருண்டால்கூட எரிந்து விழுந்தார். எடை குறைகிறதென்றால் சும்மாவா என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் இருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. லீவரைப் பிடித்த வலது கை அவரைக் கேட்காமலே நடுங்கியது. மேலே கை ஒரு விரல் அளவு ஆடினால் கீழே சுமை ஓர் ஆள் அளவு ஆடும். வீசிப்போன கட்டு மச்சினனின் ஹெல்மெட்டை உரசாத குறை. அவன் சட்டென்று குனிந்து தப்பித்தான்.

“என்ன மாமா, மேல காத்து ஜாஸ்தியா?” என்றது வாக்கிடாக்கி.

கிரேன்காரர் லீவரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “ஆமாண்டா, காத்துதான்” என்றார்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் ஓடி, ஒன்றுவிடாமல் உண்மையைக் கொட்டினார். டாக்டரம்மா வெளுத்து வாங்கிவிட்டார். “நடுங்கினா நிறுத்துங்கன்னு சொன்னேனா இல்லையா? அந்தரத்துல உட்காருறவர்னு தெரிஞ்சிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேனே! மாத்திரை மேல தப்பில்ல, மறைச்ச உங்க மேலதான் தப்பு.” மாத்திரையை நிறுத்தினார். மிச்சத்தை மெதுவாக, நடையிலும் தட்டிலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், ஏன் நிறுத்தினார்கள் என்று. இங்கேதான் மனிதர் தன் புத்தியைக் காட்டினார். கை நடுங்கியது, கம்பிக்கட்டு உன் தம்பி தலைக்கு மேல் வீசிப் போயிற்று என்று சொன்னால் அவள் சும்மா விடுவாளா? தம்பி என்றால் அவளுக்கு உயிர். வீடு இரண்டுபட்டுவிடும்.

“உசரத்துல வேலை பாக்குறவங்களுக்கு இது ஆகாதாம். அதான் வேணாம்னுட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். கை பழைய கையாகிவிட்டது. பசியும் பழைய பசியாகிவிட்டது என்பது வேறு விஷயம். டப்பாவை முறைத்துக்கொண்டே பாதியோடு மூடி வைத்தார். தராசு ஒரு கிலோ ஏறி, நூறைத் தொடாமல் நின்றது. பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பில்தான் அன்று காலை லீவரைப் பிடித்திருந்தார். லாரியிலிருந்து தூக்கிய கம்பிக்கட்டை வேலியோரம் இறக்கவேண்டும். வாக்கிடாக்கியில் மச்சினன் குரல் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வந்தது.

“இறக்குங்க மாமா, இறக்குங்க, இடது, இல்ல இல்ல வலது, இறக்குங்க...”

நாக்கு ஒட்டிக்கொண்டவன் பேசுகிற பேச்சு அது. அவருக்கு அந்தப் பேச்சு தெரியும். என்னடா ஆச்சு என்று கேட்க வாயெடுப்பதற்குள், தூக்கிய கையோடு அவன் தள்ளாடி, கட்டு இறங்கவேண்டிய அதே இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து சரிந்தான்.

அவனுக்கு நேர் மேலே இரண்டு டன் தொங்கியது. திடுமென்று நிறுத்தினால் கட்டு குலுங்கும், வெடுக்கென்று திருப்பினால் கம்பி நழுவும். கிரேன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக லீவரை நகர்த்தினார். கை ஆடவில்லை. கட்டு மெல்ல விலகி, மணல் மேட்டுப் பக்கம் போய், சத்தமில்லாமல் இறங்கியது. அதற்கப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. ஏணியில் எப்படி இறங்கினார் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மச்சினனின் சட்டைப் பையில் முக்கால்வாசி காலியான மாத்திரை அட்டை இருந்தது. அட்டையைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்தது. கல்யாண அவசரத்தில் இரண்டிரண்டாக, வெறும் வயிற்றில், டீயோடு விழுங்கியிருக்கிறான் என்றும், பிரஷர் எகிறி இதயம் தாறுமாறாக அடித்திருக்கிறது என்றும், நல்ல வேளையாகத் தப்பித்தான் என்றும் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நெஞ்சு முழுக்க வயரோடு கிடந்தவன் சாயங்காலமாகக் கண்ணைத் திறந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, “அக்கா, பசிக்குதுக்கா” என்றான். அவள் அழுகையும் சிரிப்புமாக அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

கிரேன்காரர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“அவனுக்கு மாத்திரை யாரு குடுத்தா?”

“நான்தான் குடுத்தேன். உங்களுக்கு அவ்வளவு நல்லா கேட்டுச்சு, மீதி அட்டை அலமாரியில சும்மா கிடந்துச்சு. உசரத்துல வேலை பாக்குறவங்களுக்குத்தான் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அவன் தரையில நிக்கிற பையன்தானேன்னு குடுத்தேன்.”

இப்போதும் அவருக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. டாக்டர் வேற யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னது உனக்குத் தெரியாதா என்று அவள்மேல் பாயலாம். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? அதையும் இவர் வீட்டில் வாயைத் திறந்து சொன்னதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

“உசரம் காரணம் இல்லம்மா. என் கை நடுங்கிடுச்சு. கம்பிக்கட்டு ஆடிப் போயி அவன் தலையில மோதியிருக்கும், மயிரிழையில தப்பிச்சான். உன்கிட்ட சொல்லப் பயந்துட்டேன்.”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப அன்னைக்கு நீங்க கொல்லப் பாத்தீங்க, இன்னைக்கு நான் கொல்லப் பாத்தேன்” என்றாள். “உள்ள படுத்திருக்கிறவன் இன்னமும் நம்ம ரெண்டு பேரைத்தான் நம்பிக்கிட்டு இருக்கான்.”